சூசை, ஜோசப், யூசுப்: பேரனுக்கு எந்தப் பெயர்?

கேள்வி: நாங்கள் தூத்துக்குடிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். என் அப்பாவுக்கு வீட்டில் சூசை, பாஸ்போர்ட்டில் ஜோசப். மருமகள் முஸ்லிம் வீட்டுப் பெண். அவளுடைய தாத்தா பெயர் யூசுப். போன மாதம் பேரன் பிறந்திருக்கிறான். "ரெண்டு பெரியவர்களுக்கும் ஒரே பெயர்தானே, அதையே வைத்துவிடலாம்" என்கிறான் மகன். சம்பந்தி வீட்டில் சூசை என்றால் யாருக்கும் புரியவில்லை. என் மனைவிக்கோ யூசுப் என்றால் தயக்கம். நிஜமாகவே ஒரே பெயரா? பிறப்புச் சான்றிதழில் எதை எழுதுவது? நாளைக்கு வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போனால் சிக்கல் வருமா?

பதில்: உங்கள் மகன் சொல்வது சரிதான். மூன்றும் ஒரே பெயர், பூர்வீகம் எபிரேயம். அந்த மொழியில் யோசேஃப் என்று எழுத நான்கு எழுத்து போதும்: யோத், வாவ், சாமெக், பே. அரபியில் யூசுஃப் என்று எழுதவும் நான்கே எழுத்துதான்: யா, வாவ், சீன், ஃபா. ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தால் எழுத்துக்கு எழுத்து ஜோடி சேரும். அங்கே ஓ, ஏ என்று ஒலிக்கும் உயிர் இங்கே ஊ, உ என்று ஒலிக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பொருள் 'அவர் கூட்டித் தருவாராக'. இந்தப் பெயர் பிறந்த கதை பைபிளின் ஆதியாகமம் 30-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ரொம்ப நாள் பிள்ளையில்லாமல் இருந்த ராகேலுக்கு ஒரு மகன் பிறக்கிறான். 'கடவுள் என் நிந்தையை நீக்கிவிட்டார்' என்கிறாள். அந்த 'நீக்கினார்' என்பதற்கு எபிரேயச் சொல் ஆசாஃப். அடுத்த மூச்சிலேயே 'இன்னொரு மகனையும் கூட்டித் தருவாராக' என்கிறாள். அந்தக் 'கூட்டுதல்' தான் யோசேஃப். கழித்தல், கூட்டல் இரண்டையும் ஒரே பெயரில் ஒலிக்க வைத்த அம்மா அவள்.

இதற்கு யெஹோசேஃப் என்று ஒரு நீண்ட வடிவமும் உண்டு. 1990-ல் எருசலேமில் கிடைத்த ஒரு கல் எலும்புப்பெட்டியில் 'யெஹோசேஃப் பர் காயஃபா', அதாவது காயஃபாவின் மகன் யெஹோசேஃப், என்று கீறியிருக்கிறது. இயேசு காலத்தில் அந்த மண்ணின் யூத ஆண்களிடம் சீமோனுக்கு அடுத்தபடி அதிகம் புழங்கிய பெயர் இதுதான். இன்றைக்கும் இஸ்ரேலில் யோசேஃப்களை யோசி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

இது வெளியிலிருந்து வந்த பெயர் என்பது அரபி இலக்கணக்காரர்களுக்கும் தெரியும். சாதாரணமாக அரபிப் பெயரின் கடைசியில் ஒரு 'ன்' ஒலி ஏறும்: முஹம்மதுன். யூசுஃபுக்கு அது ஏறாது; யூசுஃபு என்று நின்றுவிடும். அயல்மொழிச் சிறப்புப்பெயர் என்பதுதான் அதற்கு இலக்கணம் சொல்லும் காரணம். குர்ஆனின் 12-ஆம் அத்தியாயத்துக்குப் பெயரே யூசுஃப்; 111 வசனங்கள். மற்ற நபிமார்களின் கதை அத்தியாயங்கள் நெடுகச் சிதறிக் கிடக்க, இவர் கதை மட்டும் ஒரே மூச்சில் சொல்லப்படுகிறது.

இனி உங்கள் மனைவியின் தயக்கத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் யூசுப் என்றால் முஸ்லிம் என்று காது தானாக முடிவுகட்டிவிடும். அரபி பேசும் நாடுகளில் அப்படி முடிவுகட்ட முடியாது. சிலுவைப்போர்க் காலத்துச் சலாதீனின் சொந்தப் பெயர் யூசுஃப். சலாஹுத்தீன் என்பது பட்டம். (அவர் அப்பா பெயர் அய்யூப், அதாவது நம் யோபு.) எகிப்தின் புகழ்பெற்ற திரைப்பட இயக்குநர் யூசுஃப் ஷாஹீன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். அரபி பைபிளைத் திறந்தால் ராகேலின் மகனும் யூசுஃப்தான், மரியாளின் கணவரும் யூசுஃப்தான். குர்ஆனில் உள்ள அதே நான்கெழுத்து. எகிப்தில் தோல் எளிதாக உரியும் கமலா ஆரஞ்சைக்கூட யூசுஃபி என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பெயர் ஒன்று, ஆள் வேறு. சம்பந்தி வீட்டார் மனதில் இருப்பது யாக்கோபின் மகன், எகிப்துக்கு அடிமையாக விற்கப்பட்ட யூசுப் நபி. உங்கள் வீட்டில் மார்ச் 19 அன்று திருவிழா கொண்டாடப்படும் சூசையப்பர் மரியாளின் கணவர், தச்சர். குர்ஆனில் அவரைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் முதலாமவர் பைபிளிலும் இருக்கிறார் என்பதால் உங்கள் பக்கம் யாரும் அந்நியப்பட வேண்டியதில்லை. இன்னொரு வேடிக்கை: மத்தேயு தரும் வம்சவரிசைப்படி தச்சரின் அப்பா பெயரும் யாக்கோபுதான்.

சரி, ஒரே பெயர் தமிழில் எப்படி இத்தனை உருவம் எடுத்தது? யார் வாயிலிருந்து கேட்டோமோ, அப்படி. 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர் ஞானஸ்நானம் பெற்றபோது கேட்டது போர்த்துக்கீசியரின் ஜோசே. அதைத் தமிழ் நாக்கு சூசையாக்கி, 'அப்பர்' சேர்த்து, சூசைமாணிக்கம், சூசைராஜ் என்று கிளையும் விட்டது. சீர்திருத்தச் சபையினர் தமிழ் பைபிளில் படித்தது யோசேப்பு. ஜோசப் வெள்ளைக்காரர் பள்ளிக்கூடம் தந்தது. கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்களின் ஔசேப்பு சுரியானி யவ்சேப்பிலிருந்து வந்தது. முஸ்லிம்களுக்கு அரபி வழி யூசுப். 1764-ல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட கான் சாகிபுவின் பெயரும் முகமது யூசுப் கான்தான்.

இவை எல்லாம் ஒலியைக் கடன் வாங்கியவை. பொருளைக் கொண்டுவந்தவர் ஒருவர்தான்: வீரமாமுனிவர். இத்தாலிக்காரரான அவருடைய பெயரிலேயே ஜுசெப்பே என்று ஒரு ஜோசப் உண்டு. தன் பெயர்கொண்ட புனிதரைக் காப்பியத் தலைவனாக்கி, 3615 பாடல்களில் தேம்பாவணி பாடியவர், தலைவனுக்கு 'வளன்' என்று பெயர் வைத்தார். கூட்டுதல், பெருகுதல், வளம். எபிரேயப் பொருளைப் பிடித்து அப்படியே தமிழாக்கிவிட்டார். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் தாய் எலிசபெத்தை இழந்து அழும் கருணையன் நினைவிருக்கிறதா? அவரும் இந்த வகைதான்: 'கடவுள் கருணை காட்டினார்' என்று பொருள்படும் யோவான். திருச்சியின் செயின்ட் ஜோசப்ஸ் கல்லூரிக்குத் தமிழில் தூய வளனார் கல்லூரி என்ற பெயர் இருப்பதும் இதனால்தான்.

ஆகவே என் சிபாரிசு: பேரனுக்கு வளன் அல்லது யூசுப். இரண்டில் வளன் எனக்குப் பிடித்தது. நல்ல தமிழ், பொருளும் கச்சிதம், சம்பந்தி வீட்டிலும் முகம் சுளிக்க எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதும் அவர்கள் தாத்தாவின் ஞாபகம் வராது. ஒவ்வொரு முறையும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். யூசுப் என்றால் அவர்களுக்கு விளக்கம் தேவையில்லை, உங்களுக்கு ஒருமுறை சொன்னால் போதும். பெரியவர்கள் பெயர் விளங்கவேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் யூசுப்பே நடைமுறைக்கு உகந்தது. இரண்டையும் சேர்த்து வளன் யூசுப் என்று மட்டும் வைக்காதீர்கள். கேட்டு வாசல், நடு சென்டர் மாதிரி ஆகிவிடும்.

வளைகுடா விஷயத்துக்கு வருவோம். அங்கே உங்கள் பெயரின் பொருளையோ பூர்வீகத்தையோ பார்த்து அரபியில் எழுதுவதில்லை. பாஸ்போர்ட்டின் ஆங்கில எழுத்தைப் பார்த்து ஒலிபெயர்ப்பார்கள். ஜோசப் என்று இருந்தால் ஜீம் எழுத்தில் தொடங்கி ஜூஸீஃப் என்று எழுதுவார்கள், யூசுஃப் என்று மாற்றமாட்டார்கள். லெபனான் கிறிஸ்தவர்களிடம் ஜூஸீஃப், யூசுஃப் இரண்டும் தனித்தனிப் பெயர்களாகவே புழங்குகின்றன. எனவே சான்றிதழில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று என்று வைத்தால் அங்கே இரண்டு ஆள் ஆகிவிடும். யூசுப் என்று முடிவு செய்தால் ஆங்கிலத்தில் வொய், யு, எஸ், யு, எஃப் என்று ஐந்து எழுத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இடையில் ஓ ஒன்று, ஓ இரண்டு என்று பலவிதமாக எழுதுகிறார்கள். எல்லாம் சரிதான், ஆனால் எல்லா ஆவணத்திலும் ஒன்றாக இருக்கவேண்டும்.

பிறப்புச் சான்றிதழுக்கு அவசரம் இல்லை. பெயரில்லாமல் பதிந்திருந்தாலும் 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 வயது வரை தாமதக் கட்டணத்தோடு. ஒருமுறை ஏற்றிவிட்டால் எழுத்துப்பிழையைத் திருத்துவது வேறு, பெயரையே மாற்றுவது வேறு. பின்னது அரசிதழ் வரை இழுக்கும். அதனால் வீட்டில் பேசி முடித்தபின் ஏற்றுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: உங்கள் அப்பா பெயரில் நிலமோ வீடோ இருந்தால் பத்திரத்தில் சூசையா ஜோசப்பா என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். கடற்கரைக் கோயில் ஒன்றில் நான் பார்த்த பழைய ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரே ஆள் லத்தீனில் யோசேஃபுஸ், ஓரத்தில் தமிழில் சூசை, பக்கத்தில் பிற்காலப் பென்சில் எழுத்தில் ஜோசப். பங்குக் குருவுக்கு அது புரியும், பத்திரப்பதிவு அலுவலகத்துக்குப் புரியாது. அப்பா இருக்கும்போதே 'இரண்டு பெயரும் என்னையே குறிக்கும்' என்று நோட்டரி முன் ஒரு பிரமாணப் பத்திரம் வாங்கி வைத்துவிட்டால், பின்னால் வாரிசுகள் அலைய வேண்டியிருக்காது.

அப்புறம், உங்கள் மனைவி பேரனைச் சூசை என்று கூப்பிடட்டும், யாரும் தடுக்கப்போவதில்லை. பள்ளியில் சேர்க்கும் அன்றைக்கு மட்டும் படிவத்தை அவர் கையில் கொடுக்காதீர்கள். உங்கள் அப்பாவுக்கு இரண்டு பெயர் வந்தது அநேகமாக அப்படித்தான்.