வதைமுகாமை நடித்துக்காட்டச் சொல்லாதீர்கள்

ஹிட்லரின் நாஜிகள் நடத்திய யூத இனப்படுகொலையைப் பாடமாக நடத்த, வகுப்பில் மாணவர்களை நடிக்கவைக்கும் ஆசிரியர் நீங்கள். அந்த நடிப்புப் பயிற்சியை இன்றோடு நிறுத்திவிடுங்கள். வதைமுகாமுக்குக் கொண்டுசெல்ல ரயில் பெட்டியில் அடைக்கப்பட்ட யூதர்களாக நிற்கவைத்தபோது மாணவர்கள் சிரித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது கல்நெஞ்சம் அல்ல. பெஞ்சுகளுக்கு நடுவே நெருக்கியடித்து நின்றால் எந்தப் பிள்ளைக்கும் அது விளையாட்டுதான். வாஷிங்டனில் உள்ள யூத இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகமும் ஆசிரியர்களுக்கான வழிகாட்டுதலில் இத்தகைய நடிப்பைத் தவிர்க்கவே சொல்கிறது.

அன்றைய வகுப்பில் மனதில் நின்றதை இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். தள்ளுமுள்ளு மட்டுமே வந்தால், சிரிப்புக்குக் காரணம் அந்த விளையாட்டுதான் என்பது உறுதி.

நடிப்புக்குப் பதில், படுகொலையிலிருந்து உயிர்தப்பிய ஒரே ஒருவரின் குரலைக் கேட்கவையுங்கள். 1994-இல் திரைப்பட இயக்குநர் ஸ்பீல்பெர்க் தொடங்கிய ஷோவா அறக்கட்டளையிடம் 50,000-க்கும் மேற்பட்ட காணொளிச் சாட்சியங்கள் இருக்கின்றன. போருக்கு முந்தைய வீடு, பள்ளி, தோழிகள் பற்றிப் பேசும் பகுதியில் தொடங்குங்கள்.

ஆனால் முழுவதையும் நீங்கள் முன்பே பார்த்துவிடுங்கள். கடைசிப் பாடவேளையில் வேண்டாம். கலங்கிய பிள்ளையிடம் உட்கார்ந்து பேச நேரம் இருக்காது.