கோல்ஃப் ஆடினால் இடுப்பு பிடிக்கிறதா?

கேள்வி: வயது 52. உட்கார்ந்தே பார்க்கும் வேலை. ஞாயிறுதோறும் காலையில் கோல்ஃப் ஆடுகிறேன், வலது கைப் பழக்கம். பத்துக் குழி தாண்டியதும் கீழ்முதுகில் வலப்பக்கம் பிடித்துக்கொள்கிறது. இடுப்பு பெல்ட் போடலாமா, ஆட்டத்தையே விட்டுவிடுவதா?

பதில்: ஆட்டத்தை விட வேண்டியதில்லை. பெல்ட்டை நம்பியும் இருக்காதீர்கள். இறுகிய மூட்டை அது தளர்த்தாது.

கீழ்முதுகின் ஐந்து எலும்புகளும் சேர்ந்தே ஒரு பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து டிகிரிதான் திரும்பும். ஸ்விங்குக்கு, அதாவது கிளப் என்னும் கோல்ஃப் மட்டையைச் சுழற்றி அடிப்பதற்கு, வேண்டிய மிச்சத் திருப்பம் தொடை மூட்டிலிருந்தும் நடுமுதுகிலிருந்தும் வரவேண்டும். நாற்காலிவாசிகளுக்கு இறுகிப்போவதும் அவை இரண்டும்தான். அவை தராததைக் கீழ்முதுகிடம் பிடுங்குகிறோம். பந்தை அடிக்கும்போது உடல் வலப்பக்கம் சாய்ந்தபடியே சுழல்வதால் அந்தப் பக்கத்துச் சிறு மூட்டுகள் நசுங்குகின்றன.

ஒன்று செய்து பாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்து முழங்கால்களை ஒட்டிவையுங்கள். அவை பிரியாமல் இடது பாதத்தை மட்டும் வெளியே விலக்குங்கள், அப்புறம் வலதை. இடது குறைவாகப் போனால் அங்கேதான் சிக்கல். அடித்து முடிக்கையில் மொத்த உடம்பும் இடது தொடை மூட்டின் மேல்தான் சுழல்கிறது. இதே அசைவைத் தினமும் செய்யுங்கள். பந்துக்கு முன் நிற்கும்போது இடது பாத நுனியை இலக்குப் பக்கம் 20, 30 டிகிரி திருப்பி வைத்தால் மூட்டுக்கு வேலை குறையும்.

கிளப்பை ஓங்கும்போது இடது குதிகால் எழும்பினால் எழும்பட்டும். இடுப்பை அசைக்காமல் தோளை மட்டும் முறுக்கச் சொல்லும் கோச்சுகள் உண்டு. இருபது வயதில் அது சரி, உங்களுக்கு வேண்டாம். குதிகாலைத் தூக்கி ஆடியே அமெரிக்க வீரர் ஜாக் நிக்லாஸ், மேஜர் எனப்படும் பெரிய போட்டிகளில் 18 பட்டங்களை வென்றார். டைகர் வூட்ஸ் முதுகில் 2014 முதல் பலமுறை கத்தி வைத்து, 2017-ல் எலும்புகளை இணைக்கவே வேண்டியதாயிற்று. 2019-ல் மறுபடி மாஸ்டர்ஸ் என்னும் மேஜரை வென்றார்தான். அவருக்கிருந்த மருத்துவப் படை நமக்கில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்தக் ‘காலையில்’. இரவு படுத்திருக்கையில் முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க்குகள் நீர் உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிவதே அவற்றுக்குச் சுமை. எழுந்ததும் காரில் அரைமணி உட்கார்ந்து, டிக்கியிலிருந்து பேகை வளைந்து தூக்கி, நேராக டிரைவரை, அதாவது தூரம் அடிக்கும் நீளமான கிளப்பை, வீசினால் வலியை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரிதான். கொஞ்சம் முன்னதாகவே எழுந்துவிடுங்கள். மைதானத்தில் பத்து நிமிடம் வேகமாக நடந்து, சின்ன அயர்னில் (இரும்புத் தலை கிளப்) அரை ஸ்விங், பிறகு முழு ஸ்விங், கடைசியில்தான் டிரைவர். பேகைத் தோளில் மாட்டாமல் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளுங்கள். குழியிலிருந்து பந்தை எடுக்கும்போது பட்டரை (பந்தைக் குழிக்கு உருட்டும் கிளப்) ஊன்றி, ஒரு காலைப் பின்னால் தூக்கிக் குனியுங்கள்.

வலி காலில் இறங்கினாலோ, கால் மரத்தாலோ, ஆடாத நாளிலும் தூக்கத்தைக் கலைத்தாலோ எலும்பு மருத்துவரைப் பாருங்கள். கால் பலமிழந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.