யார்க்ஷயர் பெரியவர்கள் பேச்சில் ‘வைல்’ என்றால் என்ன?

கேள்வி: இங்கிலாந்தின் யார்க்ஷயரில் ஒரு கிராமத்து முதியோர் இல்லத்தில் செவிலியராகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் 7 வாங்கியும் பெரியவர்கள் பேசுவது பாதிதான் புரிகிறது. ‘பிரிட்டிஷ் ஆக்சென்ட்’ ஆன்லைன் வகுப்புக்கு ஏஜென்ட் 40 ஆயிரம் ரூபாய் கேட்கிறார். சேரலாமா?

பதில்: சேராதீர்கள். அந்த வகுப்பில் செய்தி வாசிப்பவர் மாதிரி பேசக் கற்றுத் தருவார்கள். உங்கள் பேச்சில் குறையில்லை, காதுதான் பழக வேண்டும்.

அங்கே ‘கப்’ என்பது ‘குப்’, ‘ப்ளட்’ என்பது ‘ப்ளுட்’, ‘ஸ்டமக்’ என்பது ‘ஸ்டுமக்’. சொல் தொடக்கத்து ‘ஹ’ விழுந்துவிடும். ‘மி எட்’ என்றால் என் தலை. ‘கிவ் அஸ்’ என்பது ‘எனக்குக் கொடு’, கேட்பவர் ஒருவர்தான். ‘நவ்ட்’ என்றால் ஒன்றுமில்லை. அதோடு இன்னொரு எதிர்மறை சேர்ந்தாலும் அர்த்தம் மாறாது; ‘நவ்ட்’ சாப்பிடவில்லை என்றால் சாப்பிடவே இல்லை.

எனக்குப் பயம் ‘வைல்’ (while) என்ற ஒரு சொல்லில்தான். ‘போது’ என்று பள்ளியில் படித்தோம். யார்க்ஷயரில் அது ‘வரை’. ‘நைன் வைல் ஃபைவ்’ என்றால் ஒன்பதிலிருந்து ஐந்து வரை. ‘ஐ வேர்ன்ட் பேட்லி வைல் டியூஸ்டே’ என்கிறார் தாத்தா. செவ்வாயன்று நன்றாக இருந்தார் என்று நீங்கள் எழுதிவிடுவீர்கள். அவர் சொன்னதோ, செவ்வாய் வரை நன்றாக இருந்தேன், அன்றுதான் படுத்தேன் என்று. ‘பேட்லி’ என்றால் உடம்பு சரியில்லை. ‘வைல்’ பின்னால் மணியோ கிழமையோ வந்தால் ‘வரை’ என்றே எடுத்துக்கொள்ளுங்கள். முழு வாக்கியம் வந்தால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். இளையவர்கள் இரண்டு விதமாகவும் பேசுவார்கள். ஊகிக்காதீர்கள். ‘எந்த நாளிலிருந்து?’ என்று திருப்பிக் கேட்டபிறகே குறிப்பேட்டில் எழுதுங்கள்.

எழுத்தில் 6.5, மற்றதில் 7 என்று அரைப் புள்ளிக்காகத் திரும்பத் திரும்பப் பரீட்சை எழுத வைக்கிறார்கள். போகிற ஊரின் பேச்சைப் பற்றிச் சொல்லித் தர ஒரு மணி நேரம் ஒதுக்க மட்டும் யாருக்கும் மனமில்லை. அந்த இடைவெளியில்தான் ஏஜென்ட் கடை விரிக்கிறார். வேலை தேடித் தருவதற்காக வேலை தேடுபவரிடம் ஏஜென்சி கட்டணம் வாங்க பிரிட்டன் சட்டம் இடம் தரவில்லை. அதனால் ‘பயிற்சி’, ‘ஆவணச் செலவு’ என்று பெயரை மாற்றிக் கறப்பவர்கள் இருக்கிறார்கள். சேராவிட்டால் வேலை போய்விடும் என்று மிரட்டினால், அதை எழுதித் தரச் சொல்லுங்கள்.

உள்ளூர்ப் பராமரிப்பாளர் ஒருவரோடு தேநீர் இடைவேளையில் உட்காருங்கள். அன்று புரியாத சொற்களைக் கேளுங்கள். ‘ஐயம் ஸ்டார்வ்ட்’ என்று வயதான பாட்டி சொன்னால் பிஸ்கட் தேடி ஓட வேண்டாம். முதலில் கையைத் தொட்டுப் பாருங்கள். பழைய பேச்சில் அதற்குப் பசி அல்ல, குளிர்கிறது என்று அர்த்தம்.