வெயில் உள்ளே வரும் நேரம்: வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

ஓராண்டாகப் படம் எடுக்கிறேன். மலை, கடல் என்று கிளம்பிப் போக நேரம் அமைவதில்லை. வேலைக்குப் போய்வரும் வழியில் இருப்பவைதான் எனக்குக் கிடைக்கும் இடங்கள்: பேருந்து நிலையம், சுரங்க நடைபாதை, அடுக்குமாடி வாகன நிறுத்துமிடம், அதன் படிக்கட்டு. இதே மாதிரி இடங்களில் மற்றவர்கள் எடுத்த படங்கள் ஓவியம்போல இருக்கின்றன. நான் எடுத்தால் காப்பீட்டுக்கு ஆதாரம் காட்ட எடுத்ததுபோல வருகிறது. எனக்குக் கண் இல்லையா, கேமரா போதாதா?

மூன்று படங்கள் இணைத்திருக்கிறேன். வாகன நிறுத்துமிடத்தின் மூன்றாம் தளம், அதே கட்டடத்தின் படிக்கட்டு, மழைக்குப் பின் பேருந்து நிலையத்தில் தேங்கிய தண்ணீர். ஒளிக்காமல் சொல்லுங்கள்.

அன்புடன்,
வாசகர் ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

மூன்றையும் பெரிதாக்கிப் பார்த்தேன். கேமராவில் குறை ஒன்றுமில்லை. இடம் முழுவதும் தெரிய வேண்டும் என்று எடுத்திருக்கிறீர்கள், அதனால் ஆதாரப் படமாகிவிட்டது. அந்த நிமிடம் வெளிச்சம் அங்கே எங்கே விழுந்தது, எதைத் தொடாமல் விட்டது என்பது மூன்றிலும் இல்லை.

மலையைப் படம் எடுக்கும்போது வெளிச்சம் சுமாராக இருந்தாலும் மலை படத்தைத் தாங்கிவிடும். கான்கிரீட் தூணுக்கு அந்தச் செல்வாக்கு கிடையாது. அங்கே வெளிச்சமும் நிழலின் ஓரமும்தான் படத்தில் பார்க்க இருக்கும் விஷயமே. ஆகவே முதல் கேள்வி எப்போது போவது என்பது.

வாகன நிறுத்துமிடத்தை எடுத்துக்கொள்வோம். உங்கள் படம் நடுப்பகலில் எடுத்தது. கூரையின் வெளி ஓரம் தரையிலிருந்து 2.4 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூரியன் 45 டிகிரி உயரத்தில் நின்றால் வெயில் தளத்துக்குள் 2.4 மீட்டர்தான் எட்டும். 20 டிகிரிக்கு இறங்கினால் ஆறரை மீட்டர். 10 டிகிரி என்றால் 13 மீட்டருக்கும் மேல். அதாவது இரண்டு வரிசைக் கார்களைத் தாண்டி உள்தூணில் வந்து விழும். சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. அதனால் 10 டிகிரி என்பது மறைவதற்குக் குறைந்தது 40 நிமிடம் முன். பூமத்திய ரேகையிலிருந்து தள்ளிப் போகப்போக இந்த நேரம் கூடும். காலையில் கிழக்குப் பக்கத்தில் இதே கணக்கு. நடுப்பகலில் அந்தத் தளத்தில் ட்யூப்லைட் மட்டும்தான் வேலை செய்கிறது. அது எல்லாவற்றின்மீதும் ஒரே மாதிரி விழுவதால் எதுவும் எழுந்து நிற்பதில்லை.

சாயங்காலம் போனால் கைப்பிடிச் சுவருக்கும் கூரைக்கும் நடுவிலிருந்து ஒரு பட்டை வெயில் உள்ளே நீளும். தூணில் அடித்த மஞ்சள் கறுப்புப் பட்டையில் பாதி எரியும், பாதி அணையும். தரையில் காய்ந்த எண்ணெய்க் கறைக்கும் சக்கரத் தடத்துக்கும் அப்போதுதான் உருவம் வரும், வெயில் படுக்கைவாட்டில் உரசிப் போவதால். சிமென்ட் பூச்சில் கொத்தனாரின் கரணை போன வளைவுகூடத் தெரியும். அந்தத் தூணும் அந்தப் பட்டையும் போதும். மற்ற பதினைந்து தூண்களை விட்டுவிடுங்கள்.

இங்கே கேமரா உங்களுக்கு எதிராக வேலை செய்யும். இருட்டு அதிகமுள்ள ஃபிரேமைப் பார்த்ததும் கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் அதைச் சராசரிக்குத் தூக்கும். வெயில் பட்டை வெளுத்துப் போகும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை குறையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). போனில் என்றால் வெயில் விழும் இடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்ச அளவும் பூட்டிக்கொள்ளும், பிறகு விரலைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறைக்கலாம். ஹெச்டிஆரை அணைத்துவிடுங்கள். நிழலைத் தூக்கி, வெளிச்சத்தை அமுக்கி எல்லாம் தெரியும்படி செய்வதுதான் அதன் வேலை. உங்கள் முதல் படம் ஆதாரம்போல இருப்பதற்குப் பாதிக் காரணம் அது.

மீதிக் காரணம் அகல லென்ஸ். போனின் 2 மடங்கு, கேமராவில் 50 மில்லிமீட்டர் என்று மாற்றிக்கொண்டு பின்னால் போய் நில்லுங்கள். அழுத்துவதற்கு முன் ஃபிரேமின் நான்கு ஓரங்களையும் ஒரு சுற்று பாருங்கள். உங்கள் படத்தின் வலது ஓரத்தில் ஒரு வெள்ளை பம்பரின் கால்வாசி நுழைந்திருக்கிறது. கண் நேராக அங்கேதான் போகிறது. ஓரத்தில் வெளுப்பாக எது துண்டுபட்டு நின்றாலும் இப்படித்தான். அரை அடி இடதுபக்கம் நகர்ந்திருந்தால் தூண் அதை மறைத்திருக்கும். நகர்ந்தும் மறையாத பொருளை முழுசாகவே உள்ளே கொண்டுவந்துவிடுங்கள்.

ஃபிரேம் அமைந்தபின் இருபது நிமிடம் அங்கேயே நில்லுங்கள். அநேகமாக யாரும் செய்யாத காரியம் இதுதான். யாராவது அந்தப் பட்டையைக் கடப்பார். 35 மில்லிமீட்டர் லென்ஸில் துளையின் அளவை எஃப் 8 வைத்து 3 மீட்டருக்கு ஃபோகஸ் செய்து விட்டால், படம் பதியும் பரப்பு பழைய பிலிம் அளவுக்கு இருக்கும் முழு ஃபிரேம் கேமராவில் 1.9 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை தெளிவாக இருக்கும். ஆள் வரும்போது ஃபோகஸைத் தேட வேண்டியதில்லை. ஷட்டர் 1/250 நொடி. பக்கவாட்டில் நடப்பவரின் இரண்டு கால்களும் விரிந்திருக்கும்போது அழுத்துங்கள். கால்கள் சேர்ந்திருந்தால் நிழலுருவம் கம்பம்போல ஆகிவிடும்.

ட்யூப்லைட் மட்டுமே இருக்கும் சுரங்கப்பாதையில் 1/250 சிக்கல் தரும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பழைய சோக் வைத்த விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். அதைவிட வேகமாக எடுத்தால் படத்துக்குப் படம் நிறமும் வெளிச்சமும் மாறும், அல்லது குறுக்கே பட்டை விழும். 1/50 அல்லது 1/100 வையுங்கள். 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் 1/60 அல்லது 1/125. சில எல்இடி விளக்குகளில் எலக்ட்ரானிக் ஷட்டரால் வரும் பட்டைகள் மெக்கானிகல் ஷட்டருக்கு மாற்றினால் பெரும்பாலும் போய்விடும்.

வெயிலே வராத நாளில் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதில்லை. ஜெர்மனியின் புகைப்படக் கலைஞர்களான பெர்ன்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் தம்பதி 1959 முதல் பல பத்தாண்டுகள் தண்ணீர்த் தொட்டிகளையும் சுரங்கக் கோபுரங்களையும் மேகமூட்டமான நாளுக்குக் காத்திருந்துதான் எடுத்தார்கள். நிழல் விழாதபோது வடிவம் மட்டும் மிஞ்சும். அப்படி எடுக்கும்போது கோணம் சுத்தமாக இருக்க வேண்டும்.

உங்கள் படிக்கட்டுப் படம் தவறியது அங்கேதான். கீழிருந்து கேமராவை அண்ணாந்து பிடித்திருக்கிறீர்கள். படம் பதியும் சென்சார் சுவருக்கு இணையாக இல்லாததால் சுவர்க்கோடுகள் மேலே போய்க் குறுகுகின்றன. கட்டக் கோடுகளைத் திரையில் போட்டுக்கொண்டு, எடுக்க நினைக்கும் உயரத்தின் நடுவுக்கு வரும்படி பாதிப் படியில் நின்று நேராகப் பிடியுங்கள். மென்பொருளில் நிமிர்த்தலாம், ஆனால் ஓரங்கள் வெட்டுப்படும். சுற்றிலும் இடம் விட்டு எடுத்திருக்க வேண்டும். மேல் தளத்திலிருந்து கிணறுபோலக் கீழே பார்த்து எடுப்பதானால் லென்ஸ் நட்டநடுவில் இருக்கட்டும், அல்லது துணிந்து ஒரு மூலைக்குத் தள்ளிவிடுங்கள். நான்கு விரல்கடை விலகினால் கைதவறியதாகத்தான் தோன்றும். கேமரா வாரைக் கையில் சுற்றிக்கொள்ளுங்கள், கீழே ஆள் நடக்கும் இடம்.

அனுமதி பற்றி: சில இடங்களில் முன்கூட்டியே கேட்க வேண்டியிருக்கும். முக்காலி வைத்தால் யாராவது வந்து விசாரிப்பார்கள். கையில் பிடித்தால் அந்தப் பேச்சு குறைவு. காவலர் கேட்டால் திரையில் இருக்கும் படத்தைக் காட்டுங்கள். மருத்துவமனைக் காத்திருப்புக் கூடத்தில் முகம் தெரியும் படத்தை நான் எடுக்கச் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது, தேங்கிய தண்ணீர். மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான். 1932-இல் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே பிரெஸோன் பாரிஸின் சேன் லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால், வேலிப் பலகைகளின் இடுக்கில் கேமராவை வைத்து எடுத்த புகழ்பெற்ற படத்திலும் இருப்பவை தேங்கிய தண்ணீர், கிடந்த ஏணி, தாவும் ஒரு மனிதர், அவ்வளவுதான். பலகை மறைத்த பகுதியைப் பிறகு வெட்டி எடுத்தார்.

உங்கள் படத்தில் கரைச் சரளைக்கல் கூர்மையாக இருக்கிறது, தண்ணீருக்குள் தெரியும் கூரை மங்கல். ஃபோகஸ் தண்ணீரின் மேற்பரப்பில் விழுந்துவிட்டது. பிம்பத்தின் தூரம் வேறு: உங்களிடமிருந்து தண்ணீர் வரை உள்ள தூரத்தோடு தண்ணீரிலிருந்து கூரை வரை உள்ள தூரத்தைக் கூட்டுங்கள், அங்கே ஃபோகஸ் வேண்டும். பிம்பத்தையே தொட்டுப் பூட்டுங்கள். லென்ஸில் போலரைசர் (பளபளப்பைக் குறைக்கும் வடிகட்டி) போட்டிருந்தால் கழற்றுங்கள், அது பிம்பத்தையே அழிக்கக்கூடும்.

நின்றபடி எடுத்ததால் தண்ணீரில் பாதி இடத்தில் அடித்தரைதான் தெரிகிறது. செங்குத்தாகப் பார்த்தால் தண்ணீர் ஏறக்குறைய 2 சதவீத ஒளியைத்தான் திருப்பித் தரும். பார்வை தாழத்தாழ அது வேகமாகக் கூடும். போனைத் தலைகீழாகத் திருப்பினால் லென்ஸ் கீழே வரும். தண்ணீருக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே பிடியுங்கள். சின்னக் குட்டை ஏரிபோல விரியும். பேருந்து போனால் தண்ணீர் நடுங்கும், அடங்கும்வரை பொறுங்கள்.

அந்தப் பள்ளம் அங்கேதான் இருக்கும், அடுத்த மழைக்கும் நிரம்பும். மழை விட்ட கொஞ்ச நேரத்தில், விளக்குகள் எரியத் தொடங்கி வானத்தில் இன்னும் நீலம் மிச்சமிருக்கும்போது போய் எடுத்து அனுப்புங்கள். பார்க்க ஆவலாக இருக்கிறேன்.