வாசகர் கேள்வி – பதில்: நின்றுகொண்டு கேட்கும் சிம்பொனி

கேள்வி (கொக்குவில் வாசகர்): இலண்டனில் படிக்கும் என் மகள், 'புறொம்ஸ்' என்னும் கோடைகால இசை விழாவுக்கு நின்றபடி கேட்கும் அனுமதிச் சீட்டு வாங்கிப் போய்வருகிறாள். சாஸ்திரிய இசையை நின்றுகொண்டு கேட்பது என்ன வழக்கம்?

பதில்: விழாவின் பெயரே அந்த வழக்கத்திலிருந்துதான் வந்தது. உலாவியபடி கேட்கும் கச்சேரி என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரின் சுருக்கம் அது. 1895ஆம் ஆண்டு ஓகஸ்ட் 10ஆம் நாள், இலண்டன் குயின்ஸ் மண்டபத்தின் முகாமையாளர் றொபேட் நியூமனும், இளம் இசை நடத்துநரான ஹென்றி வூட்டும் இதைத் தொடங்கினார்கள். பெரிய இசைக்குழுக்களின் கச்சேரிக்குப் போக வசதியில்லாதவர்களும் ஒரு ஷில்லிங்கைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்து நிற்கலாம் என்பதே ஏற்பாடு. 1927 இல் பிபிசி விழாவைப் பொறுப்பேற்றது. 1941 மே மாதம் ஜேர்மன் குண்டுவீச்சில் குயின்ஸ் மண்டபம் அழிந்துபோகவே, விழா றோயல் அல்பேர்ட் மண்டபத்துக்கு மாறியது. யூலை நடுப்பகுதி முதல் செப்டெம்பர் வரை நடக்கும் விழாவில், மேடைக்கு நேர் முன்னால் உள்ள இடம் இன்றும் நிற்பவர்களுக்கே உரியது. குறைந்த விலை கொடுத்தவருக்கு மிக அருகான இடத்தைத் தரும் இந்த முறையை நான் பெரிதும் மதிக்கிறேன். கோயில் வீதியில் சாமம் கடந்தும் நின்று மேளக் கச்சேரி கேட்ட ஊர் நம்முடையது. உங்கள் மகளுக்குக் கால் நோகலாம், ஆனால் அந்த இடம் அந்நியமாகத் தோன்றாது.

கேள்வி (சாவகச்சேரி வாசகர்): பாட்டும் இல்லை, சொல்லும் இல்லை. அரை மணி நேரம் எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது? ஏதாவது ஒரு படைப்பை வைத்து விளக்குவீர்களா?

பதில்: ஜேர்மன் இசையமைப்பாளர் பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியை எடுத்துக்கொள்வோம். சிம்பொனி என்பது பெரிய இசைக்குழு வாசிப்பதற்கென்று பல பகுதிகளாக இயற்றப்பட்ட நீண்ட படைப்பு. 1808 டிசெம்பர் 22ஆம் நாள் வியன்னாவில் அவருடைய வேறு பல படைப்புகளுடன் சேர்த்து, ஏறக்குறைய நான்கு மணி நேரம் நீண்ட ஒரு கச்சேரியில், குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த சபையோருக்கு முன்னால் அது முதன்முறையாக வாசிக்கப்பட்டது. மூன்று குறில், ஒரு நெடில் என்று நான்கே ஒலிகளில் தொடங்குகிறது. நாம் ஓர் இராகத்தின் உயிர்ச்சுரத்தைத் தேடிக் கேட்பது போல, இங்கே அந்தச் சிறு தாள வடிவத்தைத் தேடிக் கேட்கவேண்டும். முதற் பகுதி முழுவதையும் அதுவே தாங்குகிறது. மூன்றாம் பகுதியில் கொம்புகள் அதையே வேறு முகத்துடன் திரும்பக் கொண்டுவருகின்றன.

நான்கு பகுதிகளில் மூன்றாவதும் நான்காவதும் இடைவெளியின்றி இணைகின்றன, நான் உயிராக நேசிப்பதும் அந்த இணைப்பைத்தான். நரம்பு வாத்தியங்கள் மூச்சை அடக்கியது போல ஒரே ஒலியைப் பிடித்துக்கொண்டிருக்க, டிம்பனி என்னும் முரசு மட்டும் மிக மெல்லத் தட்டிக்கொண்டே இருக்கும். பிறகு ஒலி வளர்ந்து வளர்ந்து, அதுவரை வாய் திறவாமல் காத்திருந்த துரொம்போன் என்னும் பித்தளை ஊதுவாத்தியங்கள் மூன்றும் இறுதிப் பகுதியின் முதல் ஒலியோடு சேர்ந்து முழங்கும். சி மைனர் என்னும் சுர அமைப்பில் இருண்டு தொடங்கிய படைப்பு, சி மேஜர் என்னும் சுர அமைப்பின் வெளிச்சத்துக்குள் நுழைவது அந்தக் கணத்தில்தான்.

இதை நான் முதலில் கேட்டது தொண்ணூறுகளில். மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்து வைத்து, தம்பி பெடலைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து வந்த மின்னில் வானொலி பாடியது. அவனுடைய கை தளரும்போதெல்லாம் ஒலியும் தளர்ந்தது. அந்த மெல்லிய முரசொலி வந்தபோது சிற்றலை இரைச்சலில் எல்லாம் அடங்கிவிட்டதென்று நினைத்து அவன் சுற்றுவதை நிறுத்தப் பார்த்தான். "விடாதை, சுத்து" என்று நான் கத்தினேன். சில விநாடிகளில் துரொம்போன்கள் வந்தன. ஆகவே உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: அந்த மெல்லிய இடத்தில் ஒலியைக் கூட்டிவிடாதீர்கள், காதைக் கூர்மையாக்குங்கள்.

கேள்வி (பருத்தித்துறை வாசகர்): பகுதிகளுக்கு இடையில் கைதட்டலாமா?

பதில்: இறுதிவரை பொறுத்திருப்பதே இன்றைய வழக்கம். பீத்தோவன் காலத்துச் சபையோர் இடையிலேயே தட்டினார்கள். 1813 இல் ஏழாம் சிம்பொனி முதன்முறை வாசிக்கப்பட்டபோது, அதன் இரண்டாம் பகுதியைத் திரும்ப வாசிக்கவும் வைத்தார்கள். எனவே தெரியாமல் தட்டிவிட்டால் வெட்கப்படத் தேவையில்லை.

கேள்வி (மருதனார்மடத்தில் வயலின் பயிலும் மாணவி): தம்புரா இல்லாமல் அத்தனை பேரும் எப்படிச் சுருதி சேர்க்கிறார்கள்?

பதில்: மேடையில் அமைதி விழுந்தவுடன் ஓபோ என்னும் ஊதுவாத்தியம் 'ஏ' என்ற ஒரே ஒலியை நீட்டி ஊதும், பொதுவாக அது விநாடிக்கு 440 அதிர்வுகளை ஒட்டியிருக்கும். மற்றவர்கள் எல்லோரும் அந்த ஒலியோடு சேர்ந்துகொள்வார்கள். தம்புராவைப் போல அது கச்சேரி முழுவதும் ஒலிப்பதில்லை, தொடக்கத்தில் ஒரு முறை அளவு காட்டிவிட்டு ஓய்ந்துவிடும். உங்களுக்கு நெருக்கமான செய்தி ஒன்றும் உண்டு. ஓபோவின் வாயில் பொருத்துவது நாணலில் செய்த இரட்டைச் சீவாளி, நம்முடைய நாதஸ்வரத்தின் உறவுக்காரன். அடுத்த முறை கேட்கும்போது அந்த முதல் ஒலியின் மூக்கொலியைக் கவனியுங்கள்.