சிலாவோஸ் மலைகளில் நடக்கப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

ரெயூனியன் தீவில் நடைப்பயணம் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். பாதிக் கேள்விகள் சிலாவோஸ் பற்றியே வந்திருப்பதால் இந்த முறை அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தெரியாதவர்களுக்கு: இந்தியப் பெருங்கடலில், மொரீஷியஸுக்குத் தென்மேற்கே இருக்கும் பிரெஞ்சுத் தீவு ரெயூனியன். அதன் நடுவே பழைய எரிமலை இடிந்தும் அரிக்கப்பட்டும் உண்டான மூன்று பெரும் பள்ளங்கள் உள்ளன: மஃபாத், சலாசி, சிலாவோஸ். கடைசிப் பள்ளத்துக்குள், ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்தில், அதே பெயரில் இருக்கும் ஊர்தான் இது. எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைச்சுவர்.

அண்ணா, சிலாவோஸில் ஒரே ஒரு நாள்தான் இருப்போம். பித்தோன் தெ நேஜ் சிகரம் ஏறலாமா?

ஒரு நாள் என்றால் வேண்டாம் தம்பி, தயிபித் கணவாய்க்குப் போங்க. பலருக்கும் இது பிடிக்காத பதில் என்று தெரியும். 3,070 மீட்டர், இந்தியப் பெருங்கடலிலேயே உயரமான சிகரம், அதை விட்டுவிட்டு வருவதா என்று தோன்றும். ஆனால் காலையில் கீழே கிளம்பி நீங்கள் உச்சிக்குப் போய்ச் சேரும்போது, பெரும்பாலான நாட்களில் மேகம் உங்களுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்கும். பத்து மணி தாண்டினால் வெள்ளைச் சுவர்தான் காட்சி.

கணவாயில் அந்தச் சங்கடம் குறைவு. இலே-அ-கோர்த் போகும் சாலையில், ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி பாதை ஆரம்பிக்கிறது. ஏறக்குறைய 830 மீட்டர் ஏற்றம், நிதானமாகப் போனாலும் இரண்டரை மணி நேரம். கணவாயின் உயரம் 2,081 மீட்டர். மேலே நின்றால் முதுகுக்குப் பின்னால் சிலாவோஸ், முகத்துக்கு நேரே மஃபாத். மஃபாத்துக்குள் சாலையே கிடையாது. அரிசி மூட்டை முதல் சமையல் வாயு வரை ஹெலிகாப்டரில்தான் போகிறது, மனிதர்கள் நடந்து போகிறார்கள். காலையில் அந்தப் பள்ளத்துக்குள்ளிருந்து ஹெலிகாப்டர் சத்தம் மேலே வரும், பார்த்தால் அது உங்கள் காலுக்குக் கீழே பறந்துகொண்டிருக்கும். முக்கால் மணி நேரம் இறங்கினால் மார்லா என்ற குடியிருப்பு. நேரமிருந்தால் அங்கே சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம். திரும்பும்போது மறுபடி 400 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும், அதை மட்டும் மறக்க வேண்டாம்.

அப்படியானால் சிகரம் ஏற எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

இரண்டு பகல், நடுவில் ஓர் இரவு. ஊருக்கு மேலே லெ ப்ளோக் என்ற இடத்தில் பாதை தொடங்குகிறது, உயரம் 1,380 மீட்டர் அளவில். முதல் நாள் மதியத்துக்குள் கிளம்பி கவெர்ன் துஃபூர் தங்குமனைக்கு ஏறிவிடுங்கள். 2,478 மீட்டர், அதாவது 1,100 மீட்டர் ஏற்றம், மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ. காடு முழுக்க மரக்கட்டை பதித்த படிகள். ஒவ்வொரு படியும் ஒவ்வோர் உயரம், அதுதான் காலைக் கொல்லும்.

தங்குமனையில் மாலை உணவோடு படுக்கை. மறுநாள் விடிவதற்கு இரண்டரை மணி நேரம் முன்னால் எல்லோரும் எழுந்து, நெற்றி விளக்கை மாட்டிக்கொண்டு வரிசையாகக் கிளம்புவார்கள். மீதி 600 மீட்டர் ஏற்றத்தில் மரம் கிடையாது. கருங்கல், செந்நிற எரிமலைச் சரளை, பாறைகளில் அடித்த வெள்ளைப் பெயின்ட் குறிகள் அவ்வளவுதான். குறியை விட்டு நகராதீர்கள், மூடுபனி இறங்கினால் திசை தெரியாது. உச்சியில் சூரியன் எழும்போது மேற்குப் பக்கம் திரும்பிப் பாருங்கள், மலையின் நிழல் கூம்பாக மேகத்தின் மேலே விழுந்து கிடக்கும். ஆட்கள் எல்லாம் கிழக்கையே படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

பிறகு இறக்கம். அன்றே லெ ப்ளோக் வரை என்றால் 1,700 மீட்டர் ஒரே மூச்சில் இறங்குகிறீர்கள். ஏற்றத்தில் யாரும் அழுது நான் பார்த்ததில்லை, இந்த இறக்கத்தில் பார்த்திருக்கிறேன். இரண்டு ஊன்றுகோல் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள்.

3,070 மீட்டரில் மூச்சுத் திணறுமா?

சிலருக்கு லேசான தலைவலி வரும், தூக்கம் சரியாக வராது. பெரிதாகப் பயப்படும் உயரம் இல்லை. தலைவலி கூடிக்கொண்டே போனாலோ வாந்தி வந்தாலோ ஏறுவதை நிறுத்திக் கீழே இறங்குங்கள். இதயம், நுரையீரல் தொல்லை உள்ளவர்கள் முன்பே மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.

வெப்பமண்டலத் தீவுதானே, குளிர் உடை எதற்கு?

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே குளிர்காலம். மேலே இரவில் சுழியத்துக்குக் கீழே போகும், பாறையில் பனி உறைந்து வழுக்கும். பனிப்பொழிவே அபூர்வமாக நடந்ததுண்டு. கடற்கரையில் அரைக்கால் சட்டையோடு நிற்கிறவர் அதே உடையோடு மேலே வந்து தங்குமனையில் நடுங்குவது வாடிக்கையான காட்சி. கையுறை, தொப்பி, காற்றுப் புகாத மேல்சட்டை மூன்றும் வேண்டும்.

ஜனவரியில் விமானக் கட்டணம் குறைவாகக் கிடைக்கிறது. போகலாமா?

குறைவாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது ஐயா. ஜனவரி முதல் மார்ச் வரை புயலும் பெருமழையும். இந்த மலைகளின் மழை நமக்குப் பழக்கமான மழை இல்லை. தீவின் ஃபோக்-ஃபோக் என்ற இடத்தில் 1966 ஜனவரியில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் பெய்தது, உலக சாதனையாகப் பதிவானது. சென்னைக்கு ஓர் ஆண்டு முழுக்கச் சராசரியாகக் கிடைப்பதே சுமார் 1,400 மில்லிமீட்டர்தான். அவ்வளவு தண்ணீர் செங்குத்து மலையில் இறங்கினால் பாதை என்ன ஆகும்! பெரிய புயலுக்குப் பிறகு சில பாதைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடக்கும். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது, எச்சரிக்கைகளிலேயே உச்சமான ஊதா எச்சரிக்கை விடப்பட்டது, வீட்டை விட்டு யாரும் வெளியே வரக் கூடாது.

மே முதல் நவம்பர் வரை வாருங்கள். அக்டோபரில் வருவதானால் ஒன்றைக் கவனியுங்கள்: தீவைக் குறுக்கே கடக்கும் 160 கிலோமீட்டருக்கு மேற்பட்ட மலை ஓட்டம் அந்த மாதம்தான், அது சிலாவோஸ் வழியாகவும் தயிபித் வழியாகவும் போகிறது. அந்த வாரம் படுக்கை கிடைப்பது கஷ்டம். மற்ற நாட்களிலும் கவெர்ன் துஃபூரில் வாரக்கடைசி இடம் வெகு முன்னாலேயே தீர்ந்துவிடும்.

நாங்கள் சுத்த சைவம். மலை மேல் சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

பிழைத்துக்கொள்வீர்கள் அம்மா. தங்குமனைகளில் இரவு உணவு சோறு, பருப்பு, காரமான ருகாய் துவையல், அதோடு ஒரு கறி. கறியில்தான் கோழியோ தொத்திறைச்சியோ இருக்கும். பதிவு செய்யும்போதே இறைச்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டால் சௌசௌ கொடியின் தளிரையோ வேறு கீரையையோ வதக்கிக் கொடுப்பார்கள். பருப்பு சிலாவோஸிலேயே படிவயல்களில் விளைவது, தீவு முழுக்கப் பெயர் பெற்றது, விலையும் அதற்கேற்றபடிதான். சில வீடுகளில் பருப்புக்குள் புகையிட்ட பன்றி இறைச்சியைப் போட்டு வேக வைப்பார்கள், அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். காலை உணவை நம்பாதீர்கள்: ரொட்டி, ஜாம், காப்பி. கொஞ்சம் கடலை உருண்டை கையில் இருக்கட்டும்.

அங்கே தமிழர்கள் நிறைய என்கிறார்களே, மலையில் வழி கேட்கத் தமிழ் உதவுமா?

உதவாது. கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட நம்மவர்களின் வாரிசுகளை மலபார் என்று அழைக்கிறார்கள். கோயிலும் உண்டு, தீமிதியும் உண்டு, வீட்டில் பேசுவது கிரியோல் என்ற பிரெஞ்சுக் கலப்பு மொழி. அவர்களில் பெரும்பாலோர் இருப்பது கடற்கரைப் பக்கம். மலைக்குள் முதலில் குடியேறியவர்கள் தோட்டங்களிலிருந்து தப்பி ஓடிய அடிமைகள், பின்னால் நிலமில்லாத ஏழை வெள்ளையர்கள். 1848-இல் அடிமை முறை ஒழியும் வரை அந்த மலைச்சுவர்தான் அவர்களுக்கு அரண். மஃபாத் என்பதே அப்படித் தப்பிய ஒரு தலைவரின் பெயர் என்கிறார்கள். நாலைந்து பிரெஞ்சுச் சொற்களும் ஒரு கும்பிடும் இருந்தால் போதும், வழி சொல்லிவிடுவார்கள்.

கணவாய்களை எல்லாம் சேர்த்து ஒரு சுற்றாக நடக்க முடியுமா?

முடியும். தீவிலேயே எனக்குப் பிடித்த நடை அதுதான். சிலாவோஸிலிருந்து தயிபித் ஏறி மார்லா, அங்கிருந்து லா நூவெல், பிறகு ஃபூர்ஷ் கணவாய் ஏறிச் சலாசிக்குள் இறங்கி எல்பூர், அங்கிருந்து கவெர்ன் துஃபூர், விரும்பினால் சிகரம், மறுபடி சிலாவோஸ். சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட நெடும்பாதை, ஐந்து ஆறு நாள் வேலை. எல்பூரிலிருந்து தங்குமனை வரை சேறும் வேரும் நிறைந்த நீண்ட ஏற்றம், அன்று அவசரப்படக் கூடாது. இந்தப் பக்கம் தெக்-தெக் என்ற சின்னக் குருவி உங்களோடு கூடவே தாவித்தாவி வரும். உங்கள் மேல் பாசம் ஒன்றுமில்லை, நீங்கள் மிதித்துக் கிளப்பும் பூச்சிக்காக வருகிறது.

கெர்வெகேன் என்ற மலைமுகட்டு வழியாகவும் சிலாவோஸுக்கு இறங்கலாம், ஆனால் செங்குத்து, இடையிடையே ஏணிகள். உயரம் கண்டு தலை சுற்றுபவர்கள் அதைத் தவிருங்கள்.

பாம்பு, அட்டை?

விஷப்பாம்பு கிடையாது, தாக்கும் விலங்கு கிடையாது. பயப்பட வேண்டியது தண்ணீருக்குத்தான். மேலே மழை பெய்தால் கீழே வெயிலடிக்கும்போதே ஓடை பொங்கி வரும், பொங்கிய ஓடையில் கால் வைக்காதீர்கள். காலில் வெட்டுக்காயம் இருந்தால் குட்டைகளில் இறங்கவும் வேண்டாம், எலிக்காய்ச்சல் தீவில் உண்டு. கொசுவால் டெங்குவும் சிக்குன்குனியாவும் வருவது கடற்கரைப் பக்கம் அதிகம்.

வயதான அப்பா அம்மாவும் வருகிறார்கள். அவர்கள் என்ன செய்வார்கள்?

ரோஷ் மெர்வெய்யூஸ் பாறை வரை காரிலேயே போகலாம், ஊர் முழுவதும் தெரியும். குளக்கரையில் உலாவலாம், வெந்நீர் ஊற்றால் பேர்பெற்ற ஊர் இது. முன்பு அந்த ஊற்றுக்கு வந்த பணக்காரர்களை ஆட்கள் நாற்காலியில் வைத்துத் தோளில் தூக்கி வந்தார்கள். இப்போது கடற்கரை ஊரான சேன் லூயியிலிருந்து சாலை இருக்கிறது, நானூறு வளைவு என்று சொல்வார்கள். வாந்தி மாத்திரை சாப்பிட்ட பிறகு ஏறச் சொல்லுங்கள்.

தனியாக நடக்கலாமா?

ஆள் நடமாட்டமுள்ள பாதை என்றால் நடக்கலாம். எங்கே போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று தங்கும் வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். ஜூனில் ஆறு மணிக்கு முன்பே இருட்டிவிடும். அவசர எண் 112. எல்லா இடத்திலும் கைபேசி எடுக்காது.

ஷெங்கன் விசா இருக்கிறது, போதுமா?

அது போதும் என்று நம்பிக் கிளம்பாதீர்கள். பிரான்ஸ்தான் என்றாலும் ரெயூனியன் ஷெங்கனில் சேராது. பிரெஞ்சுத் தூதரகத்தில் ரெயூனியன் பெயரைச் சொல்லியே கேளுங்கள், விதிகள் மாறிக்கொண்டிருக்கின்றன.

வாடகைக் காரைப் பாதை முனையில் இரவு முழுக்க விடலாமா?

விடுகிறார்கள். உள்ளே பை எதுவும் கண்ணில் படக் கூடாது, கண்ணாடியை உடைத்துவிடுவார்கள். நான் காரை ஊருக்குள் விட்டுவிட்டு லெ ப்ளோக்குக்குப் பேருந்திலோ நடந்தோ போவேன்.