வாலை ஆட்டுச்சே, அப்புறம் ஏன் உறுமுச்சு?

ஒரு அம்மா கேட்டிருக்காங்க: "பக்கத்து வீட்டு நாய் வாலை ஆட்டிக்கிட்டு நின்னுச்சுன்னு என் 6 வயசு பையன் தடவிக் கொடுக்கப் போனான், அது உர்ர்ருன்னு உறுமிடுச்சு. கடிக்கல. ஆனா 'வாலை ஆட்டுச்சேம்மா, அப்புறம் ஏன் கோவம்'னு கேட்டுக்கிட்டே இருக்கான், என்ன சொல்றதுன்னு தெரியல. அவங்க வீட்ல ஒரு பக் நாயும் இருக்கு, அதுக்கு வால் முதுகு மேல சுருண்டு கிடக்கு, அதோட மூடை எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

பையன் மேல தப்பே இல்லங்க. வாலாட்டினா சந்தோஷம்னு நாமதானே பிள்ளைங்களுக்குச் சொல்லி வச்சிருக்கோம், அது பாதிதான் உண்மை. வால் ஆடுதுன்னா நாய்க்குள்ள ஏதோ பரபரப்பு ஓடுதுன்னு அர்த்தம், அது ஆசையாவும் இருக்கலாம், பயமாவும் இருக்கலாம், 'கிட்ட வந்தா பார்த்துக்கோ'ன்னும் இருக்கலாம். பையன்கிட்ட இப்படிச் சொல்லிப் பாருங்க: நீ கையை ஆட்டி 'வா வா'ன்னும் கூப்பிடுவ, அதே கையை ஆட்டி 'வேண்டாம், போ'ன்னும் சொல்லுவ, நாய்க்கு அந்த வேலையைச் செய்யறது வால்.

அப்போ எதைப் பார்க்கணும்? ஆடுதா இல்லையாங்கறதை விட்டுட்டு முதல்ல எவ்ளோ உயரத்துல இருக்கு, விறைப்பா இருக்கா தளர்வா இருக்காங்கறதைப் பார்க்கச் சொல்லுங்க. நடு உயரத்துல, இடுப்பும் சேர்ந்து குலுங்குற அளவுக்கு அகலமா, லூசா ஆடினா அது நல்ல மூடு, சில நாய்ங்க வாலை வட்டமாவே சுத்தும், பெரும்பாலும் ரொம்பப் பிடிச்ச ஆளைப் பார்த்தாதான் அந்தச் சுத்து வரும். வால் நேரா மேல தூக்கி, விறைச்சு, நுனி மட்டும் டக்டக்குன்னு சின்னதா வேகமா ஆடுதுன்னா அங்கேயே நின்னுடணும், பக்கத்து வீட்டு நாய் அன்னிக்கு இப்படித்தான் ஆட்டியிருக்கும்னு நினைக்கிறேன். கீழ தொங்கவிட்டு மெதுவா ஆட்டுறது 'எனக்கு உன்னைப் பத்தி இன்னும் தெளிவாத் தெரியல'ங்கற தயக்கம். காலுக்கு நடுவுல சொருகிக்கிட்டா பயம், பயந்த நாயும் கடிக்கும், பிள்ளைங்க இதைத்தான் மறந்துடறாங்க, 'ஐயோ பாவம் பயப்படுது'ன்னு கட்டிப்பிடிக்கப் போயிடுவாங்க.

இடது வலதுன்னு ஒரு விஷயமும் இருக்கு. இத்தாலியில ஆராய்ச்சியாளர்கள் 2007ல 30 நாய்ங்களோட வாலாட்டலை வீடியோ எடுத்துப் பார்த்தாங்க, ஓனரைப் பார்த்தப்ப வால் நாயோட வலது பக்கம் அதிகமா சாய்ஞ்சு ஆடுச்சு, பழக்கமில்லாத முரட்டு நாயைப் பார்த்தப்ப இடது பக்கம் சாய்ஞ்சுச்சு. 2013ல இன்னொரு ஆய்வு, இடது பக்கம் அதிகமா ஆட்டுற நாயைத் திரையில பார்த்த மத்த நாய்ங்களுக்கு இதயத் துடிப்பு ஏறிடுச்சு. அதாவது நாய்க்கு நாய் இது புரியுது. மூளையோட இடது பாதி உடம்போட வலது பக்கத்தையும், வலது பாதி இடது பக்கத்தையும் கவனிச்சுக்கிறதாலதான் இப்படி. கேக்க சூப்பரா இருக்கும், ஆனா பையனுக்கு இதைக் கதையா மட்டும் சொல்லுங்க, கேமரா வச்சுப் பார்த்துக் கண்டுபிடிச்ச வித்தியாசம் அது, தொடலாமா வேண்டாமான்னு முடிவு பண்ண உதவாது, அதுவும் எதிர்ல நின்னு பார்க்குறப்ப இடது வலதே மாறிப்போயிடும்.

வாலை மட்டும் தனியா பார்க்கக் கூடாது, மொத்த உடம்பையும் பார்க்கணும். உடம்பு கல்லா இறுகிப் போறது, காது பின்னாடி ஒட்டிக்கிறது, கண்ணு ஓரத்துல வெள்ளை தெரிய ஓரக்கண்ணால பார்க்குறது, சாப்பாடே இல்லாதப்ப உதட்டை நக்குறது, தூக்கம் வராமலே கொட்டாவி விடறது, இதெல்லாம் 'எனக்கு இது பிடிக்கல'ன்னு சொல்றது. சின்னப் பசங்க நாய் பல்லைக் காட்டினா சிரிக்குதுன்னு நினைச்சுக்குவாங்க, அது சிரிப்பு இல்ல, எச்சரிக்கைன்னு கண்டிப்பா நாலு தடவை சொல்லிடுங்க. உறுமினதுக்கு நாயைத் திட்ட வேண்டாம்னு அந்த வீட்டுக்காரங்ககிட்டயும் சொல்லுங்க, உறுமல் ஒரு எச்சரிக்கை, அதுக்கு அடி வாங்கின நாய் அடுத்த தடவை எச்சரிக்காமலே கடிச்சிடலாம்.

பையன் செய்ய வேண்டியது ரொம்பச் சின்னது. முதல்ல ஓனர்கிட்ட கேக்கணும், அப்புறம் நாய்கிட்ட கேக்கணும். பக்கவாட்டுல திரும்பி சும்மா நிக்கட்டும், நாய் தானா வந்து மோந்து பார்க்கட்டும், வரலைன்னா அன்னிக்கு வேண்டாம்னு பதில். வந்தா தலைக்கு மேல கையைக் கொண்டு போகாம நெஞ்சுப் பக்கமோ தோள் பக்கமோ 3 செகண்ட் தடவிட்டு கையை எடுத்துடணும், இன்னும் வேணும்னா நாயே ஒட்டிக்கிட்டு வரும். சாப்பிடறப்ப, தூங்கறப்ப, குட்டி போட்டு வச்சிருக்கறப்ப கிட்டவே போகக் கூடாது. தெரியாத நாய் ஓடி வந்தா ஓடாம, கத்தாம, கையை உடம்போட ஒட்டி வச்சு, கண்ணைத் தாழ்த்தி அசையாம நிக்கணும். நாயைத் தொடறதெல்லாம் பெரியவங்க ஒருத்தர் பக்கத்துல இருந்தாதான், அதுல மறுபேச்சுக்கே இடமில்ல. அப்படியும் பல்லு பட்டுடுச்சுன்னா, சின்னக் கீறலா இருந்தாலும் சோப்பு போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு உடனே டாக்டர்கிட்ட போயிடணும்.

இப்ப அந்த பக். சுருண்ட வாலோட உயரத்தை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, அதோட இயல்பே அதுதான். கிரேஹவுண்ட் நாய் சும்மா நிக்கிறப்பவே வாலைக் கீழ விட்டுத்தான் நிக்கும், சில நாய்ங்களுக்கு வாலையே வெட்டியிருப்பாங்க. அதனால அந்த நாய் நிம்மதியா இருக்கறப்ப எப்படி இருக்கும்னு ஓனர்கிட்ட கேட்டு வச்சுக்கிட்டா அதுலேர்ந்து எப்ப மாறுதுன்னு கண்டுபிடிக்கலாம். சந்தோஷமா இருக்கறப்ப பக்கோட பின்பக்கம் முழுசா ஆடும், பயந்தா சில பக்குகளுக்கு அந்தச் சுருள் தளர்ந்து கீழ இறங்கிடும். இன்னொண்ணு, பக் மூச்சு விடறப்பவே கர்கர்னு சத்தம் வரும், அதையும் உறுமல்னு நினைச்சு பையன் பயந்துடப் போறான், முன்னாடியே சொல்லி வச்சிடுங்க.